பதின்பருவக் கர்ப்பம்: எது பேப்பரில் ஏறுகிறது, எங்கே சறுக்குகிறது

துணையாசிரியர்: பதின்பருவக் கர்ப்பம் பற்றிய செய்தி, பத்திரிகையின் டெஸ்க்குக்குப் பெரும்பாலும் காவல்துறைப் புகாராகவோ, நீதிமன்ற உத்தரவாகவோ, ஆண்டுப் புள்ளிவிவரமாகவோ வரும். முதல் இரண்டும் அன்றே பக்கத்தில் ஏறிவிடும். புள்ளிவிவரமோ, அன்றைக்குப் பெரிய செய்தி ஏதாவது வந்துவிட்டால் உள்பக்கத்தில் நாலு வரி. வாசகருக்கு இது வெறும் குற்றச் செய்தியாகத் தெரிவது அதனால்தான். விரிவாக எழுத நினைப்பவர், புள்ளிவிவரம் வெளியாகும் நாளுக்கு முன்பே மருத்துவர், ஆலோசகர் பேட்டிகளை முடித்து வைத்திருந்தால் இடம் கேட்டு வாங்கலாம்.

புள்ளிவிவரக்காரர்: உலக அளவில் புழங்கும் விகிதம், 15 முதல் 19 வயது வரையுள்ள 1,000 பெண்களுக்கு எத்தனை பிரசவம் என்பது. 18, 19 வயதில் மணமானவர்களும் அதில் அடக்கம். தலைப்பில் 'பள்ளி மாணவிகள்' என்று போட்டால் தப்பு. இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கோ 18 வயதுக்குட்பட்டோரின் கருத்தரிப்பைச் சொல்கிறது: பிரசவத்தோடு சட்டப்படியான கருக்கலைப்பும் சேரும், தானாகக் கலைந்தவை சேராது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. சின்ன ஊரில் 2 பேர் 4 ஆனாலும் '100 சதவீத உயர்வு'தான். ஐந்தாண்டு எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

செய்தி ஆசிரியர்: அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள க்ளாஸ்டரில் 2008இல் நடந்தது இதற்குப் பாடம். வழக்கமாக ஆண்டுக்கு நாலைந்து மாணவிகள் கர்ப்பமாகும் பள்ளியில் அந்த ஆண்டு 17 பேர். சிலர் பேசிவைத்துக்கொண்டு கர்ப்பமானதாகப் பள்ளி முதல்வர் சொன்னதை 'டைம்' இதழ் வெளியிட, மற்ற ஊடகங்கள் அப்படியே எடுத்துப் போட்டன. அப்படியோர் ஒப்பந்தத்துக்கு ஆதாரமில்லை என்று சில நாளில் மேயர் சொன்னார். எண்ணிக்கைக்கு ஓர் ஆதாரம், காரணத்துக்குத் தனி ஆதாரம் வேண்டும்.

நீதிமன்ற நிருபர்: பாதிக்கப்பட்ட சிறுமியின் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. ஒரு பேப்பர் வயதையும் பள்ளியையும் போடும். இன்னொன்று குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரோடு 'சித்தப்பா' என்றும் போடும். ரெண்டையும் படித்தவருக்குச் சிறுமி யாரென்று தெரிந்துவிடும். பிரிட்டன் பத்திரிகை ஆசிரியர்களின் நெறிமுறை இதற்கு வைத்த வழி: பெரியவரை அடையாளம் காட்டலாம், உறவைக் கோடிகூடக் காட்டக் கூடாது. எல்லோரும் ஒரே துண்டை மறைத்தால்தான் படம் சேராது. இந்தியாவில் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி, வசிக்கும் பகுதி அத்தனையையும் தடுக்கிறது. மீறினால் 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

படப் பிரிவு: முகத்தை மங்கலாக்கிவிட்டுச் சீருடை நிறத்தை அப்படியே விடுவார்கள். இணையப் பதிப்பில் படத்தின் ஃபைல் பெயரிலேயே பள்ளிப் பெயர் உட்கார்ந்திருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை.