பொருள்: சிஸ்டருக்குப் பணமுடிப்பு கொடுப்பது பற்றி

அன்புள்ள சங்க உறவுகளுக்கு வணக்கம்.

நமக்கெல்லாம் பாடம் சொல்லிக்கொடுத்த கன்னியர் மடத்து சிஸ்டர் ஓய்வு பெறுவதையொட்டிப் பணமுடிப்பு கொடுக்கலாம் என்று அண்ணன் எழுதியதிலிருந்து வந்த எல்லா மடல்களையும் படித்தேன். "அவர் பெயரிலேயே வங்கியில் போட்டுவிடுவோம், கடைசிக் காலத்துக்கு ஆகும்" என்று பலர் சொல்கிறீர்கள். "கையில் கொடுத்தால் மடத்தில் வாங்கிக்கொள்வார்கள், அப்புறம் எதற்குக் கொடுக்கிறோம்?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். தம்பி மேல் எனக்கு வருத்தமில்லை. இதே வார்த்தையை நானும் ஒருநாள் என் அத்தையிடம் கேட்டிருக்கிறேன்.

என் அப்பாவின் கடைசித் தங்கை கன்னியர் சபையில் சேர்ந்தவர். வீட்டில் எங்களுக்கு அவர் 'சிஸ்டர் அத்தை'. எனக்கு வேலை கிடைத்த முதல் வருடம் நல்ல கைக்கடிகாரம் ஒன்று வாங்கி அவரிடம் கொடுத்தேன். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு என் தலையில் சிலுவை வரைந்தார். அடுத்த தடவை பார்க்கப் போனபோது மடத்தின் கதவைத் திறந்த இளம் சிஸ்டரின் மணிக்கட்டில் அந்தக் கடிகாரம் இருந்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அத்தை வந்து உட்கார்ந்ததும் கேட்டேன். "அவளுக்கு ஆஸ்பத்திரியில ராத்திரி டியூட்டி. நாடி பார்க்க விநாடி முள் வேணும். அவளோடது நின்னுபோச்சு. எனக்கு எதுக்குப்பா, மடத்துல மணியடிச்சா நேரம் தெரிஞ்சிடும்" என்றார். "நான் உங்களுக்குத்தானே கொடுத்தேன்?" என்றேன். "எனக்குத்தான் கொடுத்தே. அதனாலதான் அவளுக்குக் கிடைச்சுது" என்றார். அன்று எனக்கு அது புரியவில்லை. சமாதானம் சொல்கிறார் என்றே நினைத்தேன்.

பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அத்தை செய்தது அவருடைய தனிப்பட்ட தாராளம் மட்டுமல்ல என்று. புனித அகுஸ்தீனார் சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன் எழுதிய துறவற ஒழுங்கில் கிட்டத்தட்ட இதே காட்சி வருகிறது. துறவு மடத்தில் இருப்பவருக்குப் பெற்றோரோ உறவினரோ உடையோ வேறு பொருளோ கொண்டுவந்தால் அதை மறைவாக வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, தலைவரிடம் ஒப்படைக்க வேண்டும், அது பொதுவாகி யாருக்குத் தேவையோ அவருக்குப் போக வேண்டும் என்கிறார். அவரவர் தேவைக்கு ஏற்பப் பகிர்ந்துகொண்டார்கள் என்று தொடக்ககாலக் கிறிஸ்தவர்களைப் பற்றி விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலில் வருகிறதே, அந்த வரியை வாழ்ந்து பார்ப்பதற்கான ஏற்பாடு இது. எல்லோருக்கும் ஒரே அளவு என்பது அல்ல கணக்கு. நோயாளிக்குக் கூடுதலாகக் கிடைக்கும், திடமானவருக்குக் குறைவாகக் கிடைக்கும், அதில் பொறாமைக்கு இடமில்லை.

இன்றைய சட்டமும் அப்படித்தான். 1983-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 668-ஆம் எண் இதைத் தெளிவாகச் சொல்கிறது. துறவி தன் உழைப்பால் ஈட்டுவது சபைக்குச் சேரும். ஓய்வூதியம், உதவித்தொகை, காப்பீட்டுத் தொகை போன்றவையும், சபையின் சொந்தச் சட்டம் வேறுவிதமாகச் சொன்னாலொழிய, சபைக்கே. ஆகவே சிஸ்டர் இத்தனை வருடம் வாங்கிய சம்பளம் அவர் கைக்குப் போனதில்லை. அதை யாரும் அவரிடமிருந்து பிடுங்கவும் இல்லை. ஏழ்மை வார்த்தைப்பாடு, அதாவது தனக்கென்று எதையும் வைத்துக்கொள்வதில்லை என்று கடவுள் முன் வாக்கு, கொடுத்தபோது அவரே விரும்பிக் கொடுத்துவிட்டது அது. மறுபக்கம் சபைக்கும் ஒரு கடமை உண்டு: உறுப்பினருக்கு அழைத்தலுக்கேற்ப வாழத் தேவையானதையெல்லாம் சபை கொடுக்க வேண்டும் என்று 670-ஆம் எண் கட்டளையிடுகிறது. இதை நினைத்துப் பார்த்தால், அவர் பெயரில் தனியாக ஒரு கணக்குத் திறப்பது அவருக்கு உதவியாக இருக்காது. ஒவ்வொரு முறை அதைத் தொடும்போதும் மனச்சாட்சிக்குப் பதில் சொல்ல வேண்டிய சுமையைத்தான் கொடுப்போம்.

அவசரத்தில் எடுத்த முடிவாகவும் இதை நினைக்காதீர்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் பயிற்சி பெறும் நவதுறவகத்தில் குறைந்தது 12 மாதம். அதன்பின் முதல் வார்த்தைப்பாடு. அது தற்காலிகமானது, 3 முதல் 6 ஆண்டு வரை, தேவைப்பட்டால் மொத்தம் 9 ஆண்டு வரை நீட்டலாம். அதற்கும் பிறகுதான் வாழ்நாள் முழுதுக்குமான நித்திய வார்த்தைப்பாடு. போகலாம் என்று கதவு திறந்தே இருக்கிற ஆண்டுகள் அவை. இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்த ஆண்டுகளிலோ அதற்குப் பிறகோ வெளியே வந்துவிடுகிற பெண்களை நம்மவர்கள் பார்க்கிற பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. சபையில் செய்த வேலைக்குக் கூலி என்று அவர்கள் எதுவும் கேட்க முடியாது. ஆனால் வெளியேறுகிறவரிடம் நீதியோடும் அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்று அதே சட்டம் சபைக்குச் சொல்கிறது. நமக்கும் அது பொருந்தும்.

சிஸ்டர்களைப் பற்றிப் பேசும்போது நாம் பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும் முதியோர் இல்லத்தையும்தான் பேசுகிறோம். அந்த வேலை முடிந்து அவர்கள் எங்கே போகிறார்கள் என்று நினைப்பதில்லை. விடிவதற்கு முன் எழுந்து தியானம், காலைப்புகழ், திருப்பலி. பிறகு வேலை. மாலையில் மாலைப்புகழ், உணவு, எல்லோரும் சேர்ந்து உட்காரும் பொழுதுபோக்கு நேரம், இரவு மன்றாட்டு. அதன்பின் மௌனம். சபைக்குச் சபை, வீட்டுக்கு வீடு இது கொஞ்சம் மாறும். இதில் எனக்கு வியப்பாக இருந்தது அந்தப் பொழுதுபோக்கு நேரம்தான். களைத்துப் போயிருந்தாலும் வந்து உட்கார வேண்டும், பேச வேண்டும், மற்றவர் பேசுவதைக் கேட்க வேண்டும். "அது ஜெபத்தைவிடக் கஷ்டமான நாளும் உண்டு" என்று அத்தை சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றும் சொன்னார், அதை நான் மறக்கவே மாட்டேன். "புண்ணைக் கழுவுறது பழகிடும்ப்பா. நோயாளி இன்னிக்கு வருவார், நாளைக்குக் குணமாகிப் போயிடுவார். மேசையில எனக்கு எதிர்ல உட்கார்ற சிஸ்டர் நாளைக்கும் அங்கதான் உட்காருவா. அவளை நான் தேர்ந்தெடுக்கல, அவளும் என்னைத் தேர்ந்தெடுக்கல. அவகிட்ட தோத்துட்டா வார்டுல நான் காட்டுற அன்பு வேஷம்." வெவ்வேறு மொழி, வெவ்வேறு வயது, வெவ்வேறு குணம் உள்ள பெண்கள் ஒரே கூரையின்கீழ் ஒரே பணப்பெட்டியோடு வாழ்கிறார்கள். சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் கடிதம் வரும். பழகிய முகங்களை விட்டு ஒரே பெட்டியோடு புறப்பட வேண்டும். தலைமையும் நிலையானதல்ல. ஒரு பகுதியில் உள்ள மடங்களுக்கெல்லாம் பொறுப்பான மாநிலத் தலைவியாக இருந்தவர் பதவிக்காலம் முடிந்ததும் மற்றவர்களில் ஒருவராகிவிடுவார். அத்தை படுக்கையில் இருந்த கடைசி மாதங்களில் அவருடைய துணிகளைத் துவைத்துக் காயப்போட்ட வயதான சிஸ்டர், ஒரு காலத்தில் அத்தைக்கு மாற்றல் கடிதம் அனுப்பிய தலைவி. அதை அத்தைதான் எனக்குச் சொன்னார், சொல்லும்போது கண் கலங்கியது.

வீதிக்கு வந்து ஏழைகளைத் தேடிப் போகிற உரிமையே பெண் துறவிகளுக்கு எளிதில் கிடைத்ததல்ல. 1298-இல் திருத்தந்தை எட்டாம் போனிஃபாஸ் எல்லாப் பெண் துறவிகளும் அடைப்பு மடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று ஆணையிட்டார். 1633-இல் பாரிசில் புனித லூயிஸ் தெ மரியாக் தன் வீட்டில் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு புனித வின்சென்ட் தே பவுலோடு பிறரன்புப் புதல்வியர் சபையைத் தொடங்கியபோது, தங்களைத் துறவியர் என்று சொல்லிக்கொள்ளாமலேதான் தொடங்க வேண்டியிருந்தது. சொன்னால் உள்ளே அடைத்துவிடுவார்கள். நோயாளிகளின் வீடே உங்களுக்கு மடம், வாடகை அறையே தனியறை, பங்குக் கோவிலே சிற்றாலயம், நகரத்துத் தெருக்களே அடைப்பு என்ற பொருளில் வின்சென்ட் அவர்களுக்கு எழுதிவைத்தார். ஜெப நேரத்தில் ஏழை கூப்பிட்டால் எழுந்து போங்கள், அது கடவுளை விட்டுக் கடவுளிடமே போவது என்றும் சொன்னார். இன்றும் அந்தச் சபையினர் வார்த்தைப்பாட்டை ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள். பிற்காலத்தில் எளிய வார்த்தைப்பாடு கொடுத்து வெளியே சேவை செய்யும் சபைகளை முழுமையான துறவற வாழ்வாகத் திருச்சபை ஏற்றுக்கொண்டது 1900-இல்தான்.

அந்தச் சபைக்கு வழிகாட்டிய முதல் பெண் என்று சொல்லப்படுபவர் மார்கரித் நசோ. மாடு மேய்த்தவர். வழியில் போகிறவர்களிடம் எழுத்துக் கேட்டுக் கேட்டுத் தானாகவே படிக்கக் கற்று, பிறகு மற்றப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். கொள்ளைநோய் கண்ட ஒரு பெண்ணுக்குத் தன் படுக்கையில் இடம் கொடுத்தார். அந்த நோயிலேயே 1633-இல் இறந்தார்.

படுக்கையைக் கொடுத்த இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பிரான்சில் வீட்டு வேலை செய்து பிழைத்த ழான் ஜுகான், 1839 குளிர்காலத்தில், தனக்கு 47 வயதானபோது, பார்வையிழந்து உடலின் ஒரு பக்கம் வழங்காமல் போன மூதாட்டி ஒருவரைத் தன் வாடகை வீட்டுக்குத் தூக்கிவந்தார். தன் கட்டிலில் படுக்கவைத்துவிட்டுத் தான் பரணில் படுத்துக்கொண்டார். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை அங்கே தொடங்கியது. கூடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேட்டுத்தான் முதியவர்களைக் காப்பாற்றினார். 1843-இல் தோழியர் அவரையே மீண்டும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தபோது, சபையை நடத்திய குரு அந்தத் தேர்தலைச் செல்லாததாக்கினார். பின்னர் சபையின் தலைமையிடமான தாய் இல்லத்தில் 27 ஆண்டுகள் ஒதுக்கப்பட்டு வாழ்ந்தார். 1879-இல் அவர் இறந்தபோது சபையில் சுமார் 2,400 சகோதரிகள் இருந்தார்கள், இவர்தான் தங்களைத் தொடங்கியவர் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. 2009-இல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். அவருக்கு இழைக்கப்பட்டது அநியாயம் என்றே நான் சொல்வேன், புனிதத்தின் பெயரால் அதை மூடக் கூடாது. ஆனால் அத்தனை வருடமும் அவர் அந்த இல்லத்தை விட்டுப் போகவில்லை, இளம் சகோதரிகள் அவரைச் சுற்றி வளர்ந்தார்கள்.

இப்போது நம் பணத்துக்கு வருகிறேன்.

1970 வாக்கில் உலகில் ஏறத்தாழ 10 லட்சம் பெண் துறவியர் இருந்தார்கள். இன்று 6 லட்சத்துக்கும் கீழ். பல சபைகளில் சம்பாதிக்கிற கைகள் குறைந்து, படுக்கையில் இருக்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். பள்ளிக்குக் கணினி வாங்கிக் கொடுக்கப் பலர் முன்வருவார்கள், பெயர்ப் பலகையும் வைக்கலாம். வயதான சிஸ்டருக்குச் சக்கர நாற்காலியும் இரவில் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும் என்று யாரும் கேட்பதுமில்லை, கொடுப்பதுமில்லை. திருச்சபைச் சட்டத்தின் 1267-ஆம் எண்படி, குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று கொடுத்த பணத்தை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட முடியும். ஆகவே நம் கடிதத்தில் நாம் எழுதுகிற ஒரு வரி அவர்கள் கையைக் கட்டவும் செய்யும், அவிழ்க்கவும் செய்யும். தம்பி கேட்ட கணக்குக்கும் வழி உண்டு. ஒவ்வொரு சபையிலும் தலைவியிலிருந்து வேறான ஒரு பொருளாளர் இருக்க வேண்டும் என்பது விதி. ரசீது அவரிடமிருந்து வரும்.

என் யோசனை இதுதான். தொகையைச் சபையின் பெயருக்கு அனுப்புவோம். "வயதான, நோயுற்ற சகோதரிகளின் பராமரிப்புக்கு" என்று எழுதுவோம், அதற்குமேல் எந்த நிபந்தனையும் வேண்டாம். நம் சிஸ்டரும் அங்கேதான் போய்ச் சேரப்போகிறார், அவர் பங்கு அவருக்குக் கிடைக்கும். அனுப்புவதற்குமுன் இல்லத் தலைவியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே எழுதுங்கள், பேசி முடிவெடுப்போம்.

அவரிடம் படித்த ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு கடிதம் எழுதுங்கள். கையால் எழுதுங்கள். அவர் எதைத் திருத்தினார், எப்போது தட்டிக்கொடுத்தார், இப்போது என்ன வேலை செய்கிறீர்கள், பிள்ளைகள் எத்தனை, எல்லாவற்றையும் எழுதுங்கள். அத்தை இறந்த பிறகு அவருடைய பெட்டியை எங்களிடம் திறந்து காட்டினார்கள். இரண்டு உடை, ஜெபமாலை, தேய்ந்த ஜெபப் புத்தகம். அதற்கடியில் நூலால் கட்டிய கடிதக் கட்டு, அதில் நான் ஆறாம் வகுப்பில் எழுதியதும் இருந்தது.

அன்புடன்,
உங்கள் சகோதரன்