ஹாங்க் வில்லியம்ஸ் படம் பார்த்தவங்க, அந்த ஊர்ப் பக்கம் போனவங்க சொல்லுங்க

மாண்ட்கோமரி, அலபாமா

வேலைக்காக இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவன் நான். ஊர் நடுவில் கிட்டாரோடு ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. அது ஹாங்க் வில்லியம்ஸ், கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையின் பழைய பாடகர் என்று தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாம் உரிமையோடு ‘ஹாங்க்’ என்றே பேசுவார்கள். யாரப்பா இந்த மனுஷன் என்று ஒரு ராத்திரி ‘ஐ சா த லைட்’ படத்தைப் போட்டு உட்கார்ந்தேன். 2015-இல் டொரண்டோ விழாவில் திரையிட்டு அடுத்த வருடம் தியேட்டருக்கு வந்த படம். டாம் ஹிடில்ஸ்டன்தான் ஹாங்க். ஆமாம், மார்வெல் படங்களில் லோக்கியாக வந்தவரேதான்.

எடுத்த எடுப்பிலேயே கல்யாணம். 1944 டிசம்பர், ஆண்டலூசியா என்ற சின்ன ஊர், பெட்ரோல் பங்கில் வைத்து ஆட்ரியைக் கட்டிக்கொள்கிறார். அப்புறம் குடி, சண்டை, சமாதானம், திரும்பக் குடி. நடுவில் 1949 ஜூனில் நாஷ்வில்லின் பேர்போன கன்ட்ரி வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் கூட்டத்தை அதிர வைக்கிறார். 1952 ஆகஸ்டில் அதே ஆப்ரி குடியைக் காரணம் காட்டி வெளியே அனுப்புகிறது. 1953 புத்தாண்டு அன்று ஆள் போய்ச் சேர்கிறார். வயது 29.

நடிப்பில் குறையே இல்லை. ஆனால் எனக்கு ஒன்றுதான் உறுத்தியது. இந்த ஆளுக்குப் பாட்டு எங்கிருந்து வந்தது? அதைச் சொல்லாமல் மது பாட்டில்களை எண்ணிக்கொண்டே போனால் அவர் குடித்த கதைதான் மிஞ்சும், பாடின கதை எங்கே?

பதில் தேடி ஜார்ஜியானா போனேன். 65-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே ஒரு மணி நேரம். ஹாங்க் சிறுவனாக இருந்த வீட்டை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். மரவீடு, தூண்கள் மேல் உயர்த்திக் கட்டியது. ரயில் பாதை கிட்டத்தட்ட வாசலிலேயே போகிறது. அங்கே இருந்த வயதான அம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது சரக்கு ரயில் ஒன்று வந்துவிட்டது. அவர் பாதி வாக்கியத்தில் அப்படியே நிறுத்திவிட்டு, கடைசிப் பெட்டி போனதும் அதே வாக்கியத்தை மிச்சத்திலிருந்து தொடர்ந்தார். எத்தனை வருடப் பழக்கமோ!

ஹாங்கின் அப்பாவை 1930-இலேயே படைவீரர் மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். அம்மா லில்லி வீட்டில் அறைகளை வாடகைக்கு விட்டுக் காலம் தள்ளினார். பையன் தெருவில் வேர்க்கடலை விற்றான், ஷூ பாலிஷ் போட்டான். அப்படித் தெருவில் திரிந்தபோதுதான் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினப் பாட்டுக்காரர் பின்னாலேயே போய்க் கற்றுக்கொண்டிருக்கிறான். ‘டீ டாட்’ என்றுதான் அவரை எல்லாரும் கூப்பிடுவார்களாம். லில்லி போட்ட சாப்பாடுதான் பெரும்பாலும் குருதட்சணை. வெள்ளைக்காரரும் கறுப்பரும் ஒரே குழாயில் தண்ணீர் குடிக்கக்கூடாத காலம் அது. தனக்குக் கிடைத்த இசைப் பாடம் முழுக்க அவரிடம் கற்றதுதான் என்று ஹாங்கே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கன்ட்ரி பாட்டு என்றாலே வெள்ளைக்காரர் சமாச்சாரம் என்று நினைத்திருந்த எனக்கு அந்த வராந்தாவில் நின்றபோது நிறைய விளங்கியது.

பெட்ரோல் பங்கில் தொடங்குகிற படத்தில் இந்தச் சிறுவயசுக்கு இடமே கொடுக்கவில்லை. நீங்க எல்லாம் என்ன நினைக்கிறீங்க?


ரொறன்ரோ

நான் விழாவில வைச்சே பாத்தனான். முதல் காட்சிக்கு ரிக்கற் கிடைக்கேல்லை, பிறகு போட்ட ஒண்டுக்குத்தான் போனது. எனக்குப் பக்கத்தில வயசுபோன ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தவ. பாட்டு வரேக்க அவவின்ர உதடு அசையும். பாட்டு முடிஞ்சு புருசன் பெண்சாதி சண்டை தொடங்கினா கைப்பையைத் திறந்து மிட்டாய் தேடுவா. திரும்பப் பாட்டு, திரும்ப உதடு. படம் முழுக்க உதே நடந்தது. என்ர விமர்சனமும் உதுதான்.

ஆனா ஹிடில்ஸ்ரனைக் குறை சொல்ல ஏலாது. வாயசைப்பு இல்லை, எல்லாம் அவரே பாடினது. ரொட்னி க்ரோவல் எண்ட பாடகர் நாஷ்வில்லில தன்ர வீட்டில வைச்சுப் பழக்கினவர். ஒரு இங்கிலீசுக்காரன் எங்கட தாத்தாவா நடிக்கிறதோ எண்டு பேரன் ஹாங்க் III வெளிப்படையாவே சத்தம் போட்டவர். குரல் மேல போய் உடைஞ்சு விழுற அந்த இடம் இருக்கெல்லோ, அதை இவர் கவனமாப் பாடுறார். அசல் ஒலிப்பதிவில அது தன்பாட்டில உடையும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனா காதுக்குத் தெரியும்.


ஓஹையோ

நான் நர்ஸ். இந்தப் படத்தைக் குடிகாரன் கதையாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை. ஹாங்குக்குப் பிறவியிலேயே முதுகெலும்பில் குறை, ஸ்பைனா பிஃபிடா ஆக்குல்ட்டா. வலி ஏற ஏறத்தான் மாத்திரையும் மதுவும் ஏறியிருக்கிறது. 1951 டிசம்பரில் நாஷ்வில்லில் முதுகில் ஆபரேஷன் நடந்தது. அதற்கு அப்புறமும் வலி தீரவில்லை.

கடைசி மாதங்களில் அவருக்கு மருந்து எழுதினது டோபி மார்ஷல் என்கிற ஆள். டாக்டரே இல்லை. சிறைக்குப் போய்ப் பரோலில் வந்தவன், பட்டத்தைக் காசு கொடுத்து வாங்கியிருந்தான். எழுதிக் கொடுத்தது குளோரல் ஹைட்ரேட். அது தூக்க மருந்து. அதன் மேல் மதுவும் ஏறினால் மூச்சே அடங்கிப் போகும், இது எங்களுக்கு முதல் வருடப் பாடம். 1952 டிசம்பர் 31 அன்று நாக்ஸ்வில் ஹோட்டலில் வேறொரு டாக்டர், அவர் நிஜ டாக்டர்தான், மார்ஃபினும் பி12 வைட்டமினும் கலந்த ஊசி போட்டிருக்கிறார். அதோடு காரில் ஏற்றிவிட்டார்கள்! ஓட்டினவர் கல்லூரியில் படிக்கிற பையன். மேற்கு வர்ஜினியாவில் ஓக் ஹில் கிட்ட வரும்போது பின் சீட்டில் உடம்பு விறைத்துக் கிடந்தது. பிரேதப் பரிசோதனையில் இதயம் நின்றதாக எழுதினார்கள்.

எங்கள் வார்டில் ஒரு பெரியவர், நாள்பட்ட முதுகு வலி, போனில் எந்நேரமும் ஹாங்க் பாட்டுதான் ஓடும். படத்தைப் பற்றிக் கேட்டேன். “வலியைக் காட்டவே இல்லையே, வலிக்கிற மாதிரி நடக்கிறான், அவ்வளவுதான்” என்றார். வலி அளவு பத்துக்கு எத்தனை என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போகிற எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

அந்தக் காரில் ஹாங்க் போய்க்கொண்டிருந்தது எங்கள் மாநிலத்துக் காண்டனுக்குத்தான், புத்தாண்டு நிகழ்ச்சிக்கு. ஹாங்க் இறந்த செய்தியை மேடையில் அறிவித்ததும் கலைஞர்கள் படத்துக்குப் பெயர் கொடுத்த அந்தப் பாட்டைத்தான் பாடினார்கள், கூட்டமும் சேர்ந்து பாடியது.


நாஷ்வில், டென்னசி

முதல் பதிவு போட்ட நண்பருக்கு: டீ டாட்டைப் பார்க்கணும்னா 1964-இல் வந்த ‘யுவர் சீட்டின் ஹார்ட்’ பாருங்க. ரெக்ஸ் இங்ரம் என்கிற கறுப்பின நடிகர் டீ டாட்டாக வருவார். கறுப்பு வெள்ளைப் படம். ஹாங்காக ஜார்ஜ் ஹாமில்டன் வாயசைக்க, பின்னணி பாடினது ஹாங்கோட சொந்த மகன், அப்போ டீன் ஏஜ் பையன்.

ஆனா அதுல வேற ஓட்டை. படத்துக்கு ஆலோசகர் ஆட்ரி. அதனால 1952 அக்டோபரில் ஹாங்க் கட்டிக்கிட்ட இரண்டாவது மனைவி பில்லி ஜீன் படத்துல இல்லவே இல்லை! நியூ ஆர்லியன்ஸ்ல டிக்கெட் போட்டு ஊரே பார்க்க நடந்த கல்யாணம் அது. அந்தம்மா சும்மா விடலை, கோர்ட்டுக்குப் போயிட்டாங்க. ஒரு படத்துல குரு காணோம், இன்னொண்ணுல பொண்டாட்டி காணோம்.

பாடகர் கதைன்னா எனக்கு கன்ட்ரி பாடகி லொரெட்டா லின் கதையைச் சொல்ற ‘கோல் மைனர்ஸ் டாட்டர்’ படம்தான், 1980-இல் வந்தது. சிஸ்ஸி ஸ்பேசெக் தானே பாடி ஆஸ்கர் வாங்கினாங்க. அதுல நிலக்கரிச் சுரங்க ஊரையும் அப்பாவையும் காட்டிட்டுத்தான் மேடைக்கே போவாங்க. ஹாங்குக்கும் ஒரு அரை மணி நேரம் அப்படிக் கொடுத்திருக்கலாம்.


மாண்ட்கோமரி, அலபாமா

நன்றி. பழைய படத்தைத் தேடிப் பார்க்கிறேன்.

நர்ஸ் அம்மா சொன்ன அந்தக் கார், வெளிர் நீல 1952 கேடிலாக், நான் போனபோது இங்கே ஹாங்க் அருங்காட்சியகத்தில்தான் நின்றது. ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர் அந்தப் பின் சீட்டில் எப்படிப் படுத்திருப்பார் என்று கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் பக்கத்தில் நின்ற குடும்பம் வரிசையாக செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை, அவர்களுக்கு அது வழிபாடாகக்கூட இருக்கலாம்.

இன்னொன்று. ஹாங்க் கல்லறை ஓக்வுட்டில் பெரிய பளிங்கில் இருக்கிறது, காலடியில் கல்லால் செய்த தொப்பி, பக்கத்திலேயே ஆட்ரி. டீ டாட் 1939-இல் இதே மாண்ட்கோமரியில் ஏழையாகச் செத்தார். லிங்கன் கல்லறைத் தோட்டத்தில் எந்தக் குழி என்றே தெரியாமல், பிற்பாடு ஒரு நினைவுக் கல் மட்டும் வைத்திருக்கிறார்கள். சுற்றுலா வருகிறவர்கள் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இரண்டுமே ஊருக்குள்தான், கார் இருந்தால் ஒரே காலையில் முடித்துவிடலாம்.

ஜார்ஜியானா போகிறவர்கள் ஜூன் முதல் வாரத்தில் போனால் அங்கே ஹாங்க் வில்லியம்ஸ் விழா நடக்கும், உள்ளூர்க்காரர்கள் பாடுவதைக் கேட்கலாம். வெயில் மண்டையைப் பிளக்கும், தண்ணீர் பாட்டில் மறக்காதீங்க.