ப்ளூ-ரேயா, எச்டி டிவிடியா, இல்லை இன்னும் பொறுக்கலாமா?

சாம்பல்திரை (நவம்பர் 2007)
பழைய டிவிடி பிளேயர் டிஸ்கைப் படிக்கவே திணறுகிறது, எப்படியும் புதிதாக ஒன்று வாங்கியாக வேண்டும். டிவி 42 அங்குலம், 1080 வரி காட்டும், எச்டிஎம்ஐ இணைப்பும் இருக்கிறது. எச்டி டிஸ்க் (டிவிடியைவிட நுணுக்கமான படம் தரும் டிஸ்க்) போட்டுப் பார்க்க ரொம்ப ஆசை, ஆனால் அதில் ப்ளூ-ரே, எச்டி டிவிடி என்று ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு ஃபார்மட்டுகள் போட்டியிடுகின்றன, எதை வாங்கினாலும் அடுத்த வருடமே அந்த ஃபார்மட்டைக் கைவிட்டுவிடுவார்களோ என்று பணம் போட மனம் வரவில்லை. ஆகஸ்டில் பாரமவுண்ட் ஸ்டூடியோ ப்ளூ-ரேயை விட்டுவிட்டு எச்டி டிவிடி பக்கம் போனதிலிருந்து குழப்பம் இன்னும் கூடிவிட்டது. ப்ளூ-ரேயில் ஒரு அடுக்குக்கு 25 ஜிபி, எச்டி டிவிடியில் 15 தான். அப்படியானால் படமும் ப்ளூ-ரேயில்தான் நன்றாக இருக்குமா?

ஒளிக்கற்றை
ஜிபியை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டிலும் அதே 405 நானோமீட்டர் லேசர், வீடியோவைச் சுருக்கும் முறைகளான எம்பெக்-2, விசி-1, எச்.264 மூன்றும் இரண்டிலும் ஓடும். விசி-1-இல் சுருக்கினால் இரண்டு மணி நேரப் படம் இரட்டை அடுக்கு எச்டி டிவிடியின் 30 ஜிபியில் தாராளமாக அடங்கும். சென்ற வருடம் வந்த முதல் ப்ளூ-ரே டிஸ்குகள் பல, இடம் அதிகம் பிடிக்கும் பழைய எம்பெக்-2-ஐ ஒற்றை அடுக்கில் திணித்து வந்தவை, அவற்றைவிட எச்டி டிவிடி தெளிவாகவே இருந்தது. இப்போது அந்த வித்தியாசம் போய்விட்டது, டிஸ்கை எவ்வளவு கவனமாகத் தயாரித்தார்கள் என்பதுதான் கண்ணுக்குத் தெரியும்.

என் ஓட்டு எச்டி டிவிடிக்கு. பிளேயர் விலை குறைவு, ரீஜன் பூட்டு (ஒரு பகுதி நாடுகளின் டிஸ்க் வேறு பகுதி பிளேயரில் ஓடாதபடி செய்யும் தடை) கிடையாது, நெட்வொர்க் இணைப்பும் படத்துக்குள் படம் காட்டும் வசதியும் முதல் மாடலிலிருந்தே கட்டாயம். ப்ளூ-ரேயில் படத்துக்குள் படம் என்பது இந்த நவம்பர் 1-க்குப் பிறகு அறிமுகமாகும் பிளேயர்களுக்குத்தான் கட்டாயம். அதற்கு முந்தைய மாடலைக் கடையில் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள், கவனம்.

மூன்றாம்வரிசை
வசதிகள் எல்லாம் சரி, போட்டுப் பார்க்கப் படம் வேண்டாமா? உங்களுக்குப் பிடித்த படங்களை ஒரு தாளில் எழுதி, எது எந்த ஸ்டூடியோ என்று பாருங்கள். சோனி, டிஸ்னி, ஃபாக்ஸ் மூன்றும் ப்ளூ-ரேயில் மட்டும். யுனிவர்சல் ஆரம்பம் முதலே எச்டி டிவிடியில் மட்டும், இப்போது பாரமவுண்டும் ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் அங்கேதான். பெரிய ஸ்டூடியோக்களில் வார்னர் மட்டும்தான் இரண்டிலும் வெளியிடுகிறது, அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அன்றைக்கே சண்டை முடிந்துவிடும் என்பது என் கணிப்பு. அப்புறம், விற்கிற ஒவ்வொரு பிளேஸ்டேஷன் 3-க்குள்ளும் (சோனியின் கேம் கருவி) ஒரு ப்ளூ-ரே டிரைவ் இருக்கிறது, அதை மறந்துவிட வேண்டாம்.

சாம்பல்திரை
நன்றி. பிள்ளைகளுக்காக டிஸ்னி படங்கள்தான் வீட்டில் அதிகம் ஓடும். சோபாவுக்கும் டிவிக்கும் 12 அடி இருக்கும், அறை அமைப்பை மாற்ற வழியில்லை.

வெள்ளித்துணி
12 அடியா? அப்படியென்றால் பேச்சே வேறு. 42 அங்குலத்தில் 1080 வரியின் முழு நுணுக்கமும் தெரிய வேண்டுமானால் ஐந்தரை அடி தூரத்தில் உட்கார வேண்டும். 12 அடியில், நல்ல அப்ஸ்கேலிங் (டிவிடியின் படத்தை டிவியின் வரிகளுக்கு ஏற்பப் பெரிதாக்கிக் காட்டும்) டிவிடி பிளேயருக்கும் எச்டி டிஸ்குக்கும் நிறத்தில் கொஞ்சம், வேகமான காட்சிகளில் கொஞ்சம் என்று வித்தியாசம் தெரியும், அவ்வளவுதான். நீங்கள் டிவிடிதான் அதிகம் பார்ப்பவர் என்றால் அப்ஸ்கேலிங் பிளேயர் வாங்கிக்கொண்டு ஒரு வருடம் நிம்மதியாக இருங்கள். பொறுக்கவே முடியாது என்றால் டிஸ்னிக்காக ப்ளூ-ரே, அதிலும் பிளேஸ்டேஷன் 3. ப்ளூ-ரே தோற்றாலும் அது கேம் விளையாடவும் டிவிடி பார்க்கவும் ஆகும்.

எதுவானாலும் கடையில் ஓட்டுகிற டெமோ டிஸ்கைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் டிவிடி ஒன்றை எடுத்துப் போங்கள், 12 அடி தள்ளி நின்று இருட்டான காட்சி ஒன்றைப் போடச் சொல்லுங்கள், கறுப்பில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்த பிளேயர் வேண்டாம்.