அப்பாவின் காலை எடை

குழு: பினாங்கு ஆயர் ஈத்தாம் வீட்டார்

அப்பா, காலை 6.40
எடை 73.1. பசியாறப் போகிறேன்.

கலைவாணி, 6.44
அப்பா, முந்தாநாள் 71.0 என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நாளில் இரண்டு கிலோ! நாசி கண்டார் சோறு சாப்பிட்டு ஏறிய எடை இல்லை இது, உடலில் தேங்கிய தண்ணீர். நேற்று இரவே கணுக்காலில் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி அப்படியே நிற்கிறது. 8 மணிக்கு இதயப் பிரிவுத் தாதியை அழைக்கிறேன்.

குமரன், 6.58
அடுத்த மாதம் கோலாலம்பூர் தேசிய இதயக் கழகத்தில் (ஐஜேஎன்) அப்பாவின் இதயத் தாளத்தைச் சரிசெய்ய அப்லேஷன். பட்டர்வொர்த்திலிருந்து ரயில் டிக்கெட் எடுக்கப் போகிறேன். எல்லாருக்கும் சம்மதம்தானே?

ராஜு மாமா, 7.03
எனக்குச் சம்மதம் இல்லை. மச்சானின் இதயம் 30 சதவீதம்தான் வேலை செய்கிறது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நலிந்த இதயத்துக்குள் கம்பியை விட்டுச் சுடுவதா? மாத்திரையோடு இருக்கட்டும்.

சரோஜா அத்தை, 7.05
(பலமுறை பகிரப்பட்டது) பூண்டு 12 பல், பால் ஒரு டம்ளர். 21 நாளில் இதய அடைப்பு நீங்கும்.

தேவி, 7.11
அத்தை, பெரியப்பாவுக்கு அடைப்பே இல்லை, எதை நீக்குவது? ரசத்தில் போடும் பூண்டு இருக்கட்டும். மருந்தாகக் குடிக்க வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோடு அது சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம்.

சரோஜா அத்தை, 7.12
அண்ணனுக்கு நல்லது என்றுதான் அனுப்பினேன்.

கலைவாணி, 7.15
நல்லது என்று நினைத்துத்தான் முதலில் போன கிளினிக்கிலும் வாயு என்று மருந்து கொடுத்தார்கள். மூன்று மாதம் வீணாய்ப் போனது. அப்பாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு துடிப்பு ஓடி வரும், ஒன்று காணாமல் போகும், பிறகு நான்கு முட்டி மோதிக்கொண்டு வரும். தண்ணீர்மலைக் கோயிலில் தாளம் தவறிய உறுமி மேளம் மாதிரி.

தேவி, 7.24
மாமா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. மருத்துவர்களே பல ஆண்டுகள் அப்படித்தான் தயங்கினார்கள். 30 என்பது, கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியே போகும் பங்கு. நல்ல இதயத்திலேயே அது 55 முதல் 70 வரைதான். மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தால் கீழறையும் தறிகெட்டு ஓடிக் களைத்துவிடும். பெரியப்பாவுக்கு இதயம் நலிந்ததால் தாளம் கெட்டதா, தாளம் கெட்டதால் இதயம் நலிந்ததா? இரண்டாவது கொஞ்சமாவது இருந்தால், தாளத்தைச் சரிசெய்யும்போது அந்த 30 ஏறலாம். அதனால்தான் நலிந்த இதயம் என்று ஒதுக்காமல் செய்கிறார்கள்.

ராஜு மாமா, 7.29
ஏறலாம் என்கிறாய். ஏறும் என்று சொல்லவில்லையே?

தேவி, 7.38
உறுதி தர என்னால் முடியாது மாமா. 2018-இல் காசில்-ஏஎஃப் என்ற ஆய்வு வந்தது. 363 பேர், எல்லாருக்கும் அந்தப் பங்கு 35 அல்லது அதற்கும் கீழே. இறந்தவர்களையும் இதயச் செயலிழப்பு முற்றி மருத்துவமனையில் சேர்ந்தவர்களையும் சேர்த்துப் பார்த்தால், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 44.6 சதவீதம், அப்லேஷன் செய்தவர்களில் 28.5. ஆனால் 2022-இல் 411 பேரை வைத்து வந்த ராஃப்ட்-ஏஎஃப் ஆய்வில் வித்தியாசம் அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. இரண்டையும் சொல்லிவிட்டேன்.

குமரன், 7.40
எங்கே சுடுவார்கள் என்பதையும் மாமாவுக்குச் சொல்.

தேவி, 7.47
தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, வலது மேலறையிலிருந்து நடுச்சுவரைத் துளைத்து இடது மேலறைக்குப் போவார்கள். நுரையீரலிலிருந்து அங்கே வந்து சேரும் நான்கு சிரைகளின் வாயைச் சுற்றிச் சூட்டாலோ உறைகுளிராலோ வடு போடுவார்கள். கெட்ட மின்துடிப்பு பெரும்பாலும் அந்தச் சிரைகளில்தான் பிறக்கிறது என்று 1998-இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் கண்டார்கள். கீழறைத் தசையைத் தொடுவதே இல்லை, மாமா.

ராஜு மாமா, 7.50
ஆபத்து?

தேவி, 7.53
இருக்கிறது. தொடையில் ரத்தக்கட்டு வரலாம். அபூர்வமாக இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கலாம், பக்கவாதம் வரலாம். சிலருக்குத் தாளம் திரும்பக் கெட்டு இரண்டாவது முறை செய்ய வேண்டி வரும். மாத்திரையும் உடனே நிற்காது.

குமரன், 8.06
படிவம் நிரப்புகிறேன். கடந்த 3 வாரத்தில் அபிக்சபான், அந்த ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, ஒரு வேளையாவது விட்டுப்போனதா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று போடவா அப்பா?

குமரன், 8.15
அப்பா?

கலைவாணி, 8.16
படித்துவிட்டார். நீல டிக் விழுந்திருக்கிறது. கூடத்தில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அப்பா, 8.21
பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தது. நான்கு வேளை போடவில்லை. கலை பயப்படுவாள் என்று சொல்லவில்லை.

தேவி, 8.23
பெரியப்பா, கலை அக்காவை உடனே மருத்துவமனைக்கு அழைத்துக் கேட்கச் சொல்லுங்கள். நடுங்கும் மேலறையில் ஒரு சின்னப் பை போன்ற மூலை இருக்கிறது. மாத்திரை இல்லாத நாளில் ரத்தம் அங்கே கட்டிக்கொள்ளலாம். ரத்தக்கட்டி இருக்கும்போது குழாயை ஓட்டினால் அந்தக் கட்டி மூளைக்குப் போய்விடலாம். தொண்டை வழியாக எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். தேதியைத் தள்ளினாலும் தள்ளுவார்கள்.

ராஜு மாமா, 8.26
நான் கம்பிக்குப் பயந்துகொண்டிருந்தேன். மச்சான், மாத்திரையைப் போடுங்கள்.

கலைவாணி, 9.10
அழைத்துப் பேசிவிட்டேன். அபிக்சபானை நிறுத்தவே கூடாது, ஈறைப் பல் மருத்துவர் பார்ப்பார். நீர் மாத்திரை மூன்று நாளைக்கு ஒன்று கூடுதல். அப்லேஷன் இரண்டு வாரம் தள்ளிப்போகிறது.

மறுநாள்

அப்பா, 6.38
எடை 72.2. இரவு மாத்திரை 8 மணிக்குப் போட்டேன். கலை பார்த்தாள். குமரா, டிக்கெட்டைத் தேதி மாற்றி எடு. ஜன்னல் ஓரமாக.

சரோஜா அத்தை, 6.41
அண்ணா, ரசத்தில் பூண்டு போட்டுக்கொள்ளலாம் என்று தேவி சொல்லியிருக்கிறாள். மதியம் கொண்டுவருகிறேன்.