மலம் தின்னும் நாய்: அடிக்காமல் நிறுத்த வழி உண்டா?

கேள்வி – காரிமங்கலம்

வணக்கம். காரிமங்கலத்துக்கு அருகே மாந்தோப்பை ஒட்டிய வீட்டில் இருக்கிறோம். எட்டு மாத நாட்டு நாய் ஒன்றை வளர்க்கிறோம். கருப்பன் என்று அழைக்கிறோம். இரண்டு மாதங்களாக அவன் தன் மலத்தையே தின்கிறான். பகலெல்லாம் தோப்பில் கட்டியிருப்போம், மாலையில் அவிழ்த்துவிடுவோம். மலம் கழித்த உடனே திரும்பி அதைத் தின்றுவிடுகிறான். பக்கத்துப் பட்டியில் கிடக்கும் ஆட்டுப் புழுக்கையையும் விடுவதில்லை. இரவில் ஒரு வேளை கேழ்வரகுக் களியும் மோரும் வைக்கிறோம்.

என் மாமனார் முதலில் அதட்டிப் பார்த்தார், பிறகு குச்சியால் அடித்தார். அடி வாங்கிய நாளிலிருந்து, யாராவது அருகில் வருவதைக் கண்டாலே இன்னும் வேகமாக விழுங்குகிறான். இல்லாவிட்டால் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மலம் கழிக்கிறான். வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள். அவள் முகத்தை அவன் நக்குவது வழக்கம். அதனால் நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம் என்ற பேச்சு வீட்டில் எழுந்துள்ளது. எனக்கு மனம் வரவில்லை. இது நோயா, பழக்கமா? குழந்தைக்கு ஆபத்து உண்டா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில் – ஓசூர்

சகோதரி, முதலில் அடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அடி வாங்கும் நாய் "மலத்தைத் தின்னக் கூடாது" என்று கற்றுக்கொள்வதில்லை. மலம் கண்ணில் பட்டால் அடி விழும் என்றுதான் கற்றுக்கொள்கிறது. ஆகவே, ஆள் வருவதற்குள் அதை மறைத்துவிடப் பார்க்கிறது. உங்கள் கருப்பன் வேகமாக விழுங்குவதும் ஒளிந்துகொள்வதும் அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் லாப்ரடாருக்கு ஒரு வயதில் இதே பழக்கம் இருந்தது. மலத்துக்குக் கசப்பு ஏற்றும் என்று சொல்லி விற்ற பொடியை இரண்டு மாதம் கொடுத்தேன், அன்னாசித் துண்டு கொடுத்தேன், மலத்தின் மீது மிளகாய்த் தூளும் தூவினேன், எதுவும் பலிக்கவில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னர் படித்தேன். நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டுத் திரட்டிய அந்தத் தகவல்களின்படி, 16 விழுக்காடு நாய்களிடம் இப்பழக்கம் அடிக்கடி காணப்பட்டது. இதற்கென விற்கும் பொடிகளும் மாத்திரைகளும் நூற்றுக்கு இரண்டு நாய்களுக்கு மேல் பயன் தரவில்லை. நாய்கள் தின்றது பெரும்பாலும் இரண்டு நாளுக்கு உட்பட்ட புதிய மலத்தையே. காட்டு ஓநாய்கள் தம் இருப்பிடத்தில் விழும் மலத்தை, அதிலுள்ள புழு முட்டைகள் தொற்றும் நிலையை அடைவதற்கு முன்பே அகற்றிய வழக்கத்தின் எச்சமாக இது இருக்கலாம் என்பது அவர்களுடைய கருத்து. அதைப் படித்த பிறகு, எங்கள் நாயின் மீது எனக்கு இருந்த அருவருப்பு பெரிதும் குறைந்தது.

எங்களுக்குக் கைகொடுத்தது மிக எளிய முறை. காலையும் மாலையும், உணவு வைத்த சிறிது நேரத்தில், ஆறடிக் கயிற்றில் பிடித்து நானே வெளியே அழைத்துச் செல்வேன். அது மலம் கழித்து நிமிரும் கணத்தில், திரும்பி முகர்வதற்கு முன்பாக, பெயரைச் சொல்லி உற்சாகமாக அழைத்து, அவித்த கோழி ஈரலில் ஒரு சிறு துண்டை என் காலடியில் வைத்துத் தருவேன். அது அதைத் தின்றுகொண்டிருக்கும்போது வீட்டில் இன்னொருவர் மலத்தை அள்ளிவிடுவார். தொடக்கத்தில் பத்து முறையில் நான்கு முறை தோற்றோம். ஆறு வாரம் கழிந்தபின், கழித்த உடனே அதுவாகவே என்னிடம் ஓடி வந்தது. இன்றும் அள்ளாமல் விட்டால் தின்றுவிடும். ஆகவே அள்ளுவதை நாங்கள் ஒரு நாளும் விடுவதில்லை.

பதில் – அரூர்

கால்நடை ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஓசூர் நண்பர் கூறிய பயிற்சி சரியானது. ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டியவை உள்ளன, அம்மா.

தாய் நாய் தன் குட்டிகளின் மலத்தை நக்கி அகற்றுவதும், சிறு குட்டிகள் எதையும் வாயில் வைத்துப் பார்ப்பதும் இயற்கை. ஆறு மாதம் கடந்த நாய் புதிதாகத் தொடங்கினால், நோய் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். குடற்புழு இருக்கலாம், உணவைச் செரிக்கும் நொதிகளைக் கணையம் போதிய அளவு சுரக்காமல் போகலாம். பின்னதில் நாய் எவ்வளவு தின்றாலும் மெலியும், மலம் வெளுத்து, எண்ணெய்ப் பிசுக்குடன் ஏராளமாகப் போகும். ஸ்டீராய்டு மருந்து கொடுத்துவரும் நாய்க்கும் தீராப் பசி எடுக்கும். ஆகவே, அன்று காலை கழித்த மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு, நாயையும் அழைத்துக்கொண்டு, அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குச் செல்லுங்கள். ஆட்டுப் புழுக்கை தின்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஆட்டின் புழு முட்டைகள் நாயின் குடல் வழியே அப்படியே வெளியேறி, பரிசோதனையில் நாய்க்கே புழு இருப்பதுபோல் தோன்றக்கூடும். அந்த ஆடுகளுக்கு அண்மையில் ஐவர்மெக்டின் என்னும் புழு மருந்து போட்டிருந்தால், அவற்றின் புழுக்கையை நாய் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புழு மருந்தை எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஆட்டுக்கு வாங்கிய மருந்தில் குத்துமதிப்பாகக் கொஞ்சம் ஊற்றிவிடும் வழக்கத்தை நம் பக்கத்தில் பல வீடுகளில் கண்டு வருந்தியிருக்கிறேன்.

உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். களி நல்ல உணவுதான், ஆனால் கேழ்வரகில் நூறு கிராமுக்கு ஏழு கிராம் அளவே புரதம் உள்ளது; வளரும் நாய்க்கு ஒரு வேளைக் களியும் மோரும் போதாது. அதே களியை இரண்டாகப் பிரித்துக் காலையும் மாலையும் வையுங்கள். அவித்த முட்டையோ, எலும்பு நீக்கி வேகவைத்த கோழியோ, முள் நீக்கிய மீனோ சேருங்கள். வெங்காயம் போட்ட குழம்பை ஊற்ற வேண்டாம். அது நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். பகல் முழுவதும் தனியே கட்டிக்கிடக்கும் நாய்க்குக் கண்ணெதிரே கிடக்கும் மலத்தைத் தவிர வேறு போது போக்கும் இல்லை. அந்தக் கட்டையும் தளர்த்துங்கள்.

குழந்தையைப் பற்றி: முகத்தை நக்க விடாதீர்கள், தொட்டு விளையாடியபின் கை கழுவுங்கள். ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து, அள்ளாமல் மண்ணில் கிடக்கும் மலமே. உருண்டைப் புழுவின் முட்டை மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்த பிறகே தொற்றும் வலிமை பெறுகிறது. கொக்கிப் புழுவின் இளம்புழுவோ, ஈரமும் வெப்பமும் இருந்தால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் வெறுங்கால் வழியாகவே தோலுக்குள் புகும். மண்ணில் விளையாடி விரல் சூப்பும் வயது அது. அன்றன்றைய மலத்தை அன்றன்றே அள்ளிக் குழியில் புதைத்தால் நாயின் பழக்கமும் தடைப்படும், குழந்தைக்கும் காப்பு.

பதில் – ஊத்தங்கரை

வாய்ப்பூட்டு போடும்படி சிலர் சொல்வார்கள். நாங்கள் கூடை போன்ற வாய்ப்பூட்டை வாங்கிப் போட்டோம். நாய் அதை மலத்தின் மீது அழுத்தித் தேய்த்து, முகமெல்லாம் பூசிக்கொண்டது. ஆள் கூடவே இருந்தாலொழிய அதனால் பயனில்லை.

கேள்வி கேட்டவர் – மூன்று வாரம் கழித்து

அனைவருக்கும் நன்றி. பரிசோதனையில் கொக்கிப் புழு முட்டைகள் இருந்தன. ஆட்டுப் புழுக்கை பற்றிச் சொன்னதும், மருத்துவர் மீண்டும் நுண்ணோக்கியில் பார்த்து, நாய்க்குரிய புழுதான் என்று உறுதி செய்து, பதினோரு கிலோ எடைக்கு ஏற்ப மருந்து கொடுத்தார். இப்போது இரண்டு வேளை உணவு, களியுடன் தினமும் ஒரு முட்டை. கருப்பனைத் தோப்பில் கட்டாமல் வாசலில் எங்கள் கண் பார்வையிலேயே வைத்திருக்கிறோம். மாமனாரே காலையில் கயிற்றைப் பிடித்து அழைத்துச் செல்கிறார், நான் மண்வெட்டியுடன் பின்னால் போகிறேன். இந்த வாரம் இரண்டு முறை மட்டும் தின்றான். இரண்டு முறையும் நான் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது. மரத்துக்குப் பின்னால் ஒளிவதை நிறுத்திவிட்டான். புழு மருந்தை மறுபடி எப்போது கொடுக்க வேண்டும்?

பதில் – அரூர்

அந்த மருத்துவர் குறித்துத் தந்த நாளில் மறுபடி மலத்தைக் காட்டுங்கள். கொக்கிப் புழுவுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு முறை மருந்து தேவைப்படும். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் எடை பாருங்கள், அம்மா. இவன் இன்னும் வளர்வான்.