சைடு வீல் ஓட்டினால் பேலன்ஸ் வந்துவிடுமாம்! விழும் பக்கம் திருப்ப யார் கற்றுத்தருவது?

அரைப்பெடல்:
வேறொரு இழையில் பொறுமைசாலி அக்கா எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. "பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் சைடு வீல் மாட்டி ஆறு மாதம் ஓட்டவிடுங்கள், பேலன்ஸ் தானாக வந்துவிடும்" என்கிறார். வராது. சைடு வீல் தரையில் ஊன்றியிருக்கும் சைக்கிள் சாயாது. சாயாத வண்டியில் பிள்ளை எதைச் சமாளித்துப் பழகும்? இரண்டு சக்கரத்தில் இடது பக்கம் சாய்ந்தால் ஹேண்டில்பாரையும் இடது பக்கமே திருப்ப வேண்டும். அப்போதுதான் சக்கரங்கள் உடம்புக்கு அடியில் வந்து நிமிர்த்தும். விழும் பக்கம் திருப்பு. சைக்கிள் ஓட்டுவதில் இருக்கும் ஒரே பாடம் இதுதான்.

பொறுமைசாலி:
என் பெயரைப் போட்டுத் தனி இழையே தொடங்கிவிட்டீர்கள், சரி. என் மூத்தவள் ஐந்து வயதிலும் சின்னவன் நாலரை வயதிலும் சைடு வீலைக் கழற்றிவிட்டு ஓட்டினார்கள். சின்னச் சக்கரத்தைத் தரையில் அழுந்த மாட்டக் கூடாது. வாரத்துக்குக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டே போனால் வண்டி இரண்டு பக்கமும் ஆடும், பிள்ளை அந்த ஆட்டத்திலேயே பழகிவிடும். "விழும் பக்கம் திருப்பு" என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை. இருவரும் நன்றாகவே ஓட்டுகிறார்கள்.

அரைப்பெடல்:
நீங்கள் சொல்லவில்லை என்றால் பிள்ளைகள் செய்யவில்லை என்று அர்த்தமா? அவர்கள் கை அதைச் செய்கிறது, அதனால்தான் விழாமல் போகிறார்கள். அதைக் கற்றது சைடு வீலைக் கழற்றிய பிறகு. அந்த ஆறு மாதத்தில் கற்றது வேறு. சைடு வீலோடு கொஞ்சம் வேகமாக இடது பக்கம் வளைந்தால் உடம்பு வலது பக்கம் தள்ளப்படும், எடை முழுக்க வலது சின்னச் சக்கரத்தில் இறங்கும். இரண்டு சக்கரத்தில் உள்பக்கம் சாய்ந்துதான் வளைய முடியும். நேர் எதிர்ப் பழக்கம்! அதை மறக்கடிக்கத்தான் முதல் நாள் அத்தனை அழுகை.

விசைமானி:
இரண்டு பேருமே அடிப்படையை விட்டுவிட்டீர்கள். சுழலும் சக்கரம் தன் அச்சை எளிதில் மாற்றாது. கைரோஸ்கோப் விளைவு. வேகமாக மிதித்தாலே சைக்கிள் விழாமல் நிமிர்ந்து நிற்கும். அப்புறம், அரைப்பெடல் சொல்லும் விதியே தவறு. இடது பக்கம் வளைய வேண்டுமானால் முதலில் ஒரு நொடி ஹேண்டிலை வலது பக்கம் தள்ள வேண்டும். எதிர்ப்பக்கம்!

அரைப்பெடல்:
வளையத் தொடங்குவது வேறு, விழாமல் தப்புவது வேறு. நீங்கள் சொல்வது முதலாவது. எதிர்ப்பக்கம் தள்ளுவதே வண்டியைச் சாய வைக்கத்தான். சாய்ந்த பிறகு சாய்ந்த பக்கமே திருப்புகிறோம். நான் பேசுவது விழுவதைப் பற்றி. விழும் பக்கம் திருப்பு.
கைரோஸ்கோப் கதைக்கு 1970லேயே பதில் வந்துவிட்டது. டேவிட் ஜோன்ஸ் என்ற வேதியியலாளர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சக்கரத்தை மாட்டி எதிர்த்திசையில் சுழலவிட்டார். கைரோஸ்கோப் விளைவு அடிபட்டுப்போனது. அப்படியும் அந்தச் சைக்கிளை அவரால் ஓட்ட முடிந்தது.

விசைமானி:
பாதியை மட்டும் சொல்கிறீர்கள். அதே சைக்கிளை ஆளில்லாமல் தள்ளிவிட்டபோது சீக்கிரமே விழுந்துவிட்டது. அதையும் எழுதுங்கள்.

அரைப்பெடல்:
எழுதுகிறேன். 2011இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வையும் சேர்த்து எழுதுகிறேன். கைரோஸ்கோப் விளைவும் இல்லாமல், முன்சக்கரம் ஹேண்டில் அச்சுக்குப் பின்னால் இழுபடும் அமைப்பும் இல்லாமல் ஒரு வண்டி செய்தார்கள். ஆளில்லாமல் தானாகவே நிமிர்ந்து ஓடியது. அதுவும் விழும் பக்கம் திரும்பித்தான் நிமிர்ந்தது! நாம் பேசுவது ஆளில்லாத சைக்கிளைப் பற்றியா, மேலே உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றியா? நடக்கும் வேகத்தில் போகும் குட்டிச் சக்கரத்தில் கைரோஸ்கோப் என்ன பெரிதாகத் தாங்கிவிடும்?

மாலைநடை:
என் மகளுக்கு நான்கு வயது. சைடு வீலைக் கழற்றினால் ஏறவே மாட்டேன் என்கிறாள். இப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது சொல்வீர்களா?

நட்டுபோல்ட்:
சைடு வீலோடு சேர்த்து இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். இரண்டு பாதமும் முழுக்கத் தரையில் படும்படி சீட்டை இறக்குங்கள். காலால் உந்தி உந்திப் போகட்டும். காலைத் தூக்கிக்கொண்டு நான்கைந்து நொடி உருண்டாள் என்றால் பெடலைத் திரும்ப மாட்டலாம். இடது பெடலின் மரை மட்டும் எதிர்த்திசை, கவனம்.

விசைமானி:
எல்லா மரையும் ஒரே திசைதான். எதற்குக் குழப்புகிறீர்கள்?

நட்டுபோல்ட்:
எத்தனை பெடல் கழற்றியிருக்கிறீர்கள் சார்? இடது பெடல் வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். ஸ்பேனரை மேல்நோக்கி மாட்டிப் பின்சக்கரத்தின் பக்கம் தள்ளுங்கள், இரண்டுமே கழலும். இயற்பியல் தெரிந்தவருக்கு இது தெரியவில்லையா!

அரைப்பெடல்:
நட்டுபோல்ட் சொல்வதைத்தான் நானும் சொல்ல வந்தேன். 1817இல் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய முதல் இருசக்கர வண்டிக்குப் பெடலே கிடையாது, காலால்தான் உந்தினார். முதலில் வந்தது பேலன்ஸ், பெடல் பிறகு. நாங்களும் எட்டாத சைக்கிளில் குரங்குப்பெடல் போட்டே பேலன்ஸ் பிடித்தவர்கள். எங்களுக்கு யார் சைடு வீல் மாட்டினார்கள்?

பொறுமைசாலி:
முட்டியைப் பெயர்த்துக்கொண்டதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். போன மாதம் ஹெல்மெட் இழையிலும் இதே "நாங்கள் எல்லாம்" பேச்சுதான். ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் உட்கார வேண்டும் என்று நான் எழுதியதற்கு இன்னும் பதில் வரவில்லை. நான்கு வயதுப் பிள்ளை ஏறவே பயப்படுகிறது. சைடு வீல் அந்தப் பயத்தைப் போக்கும். பயம் போவதும் பேலன்ஸ்தான்.

அரைப்பெடல்:
பயம் போவது தைரியம் அக்கா, பேலன்ஸ் அல்ல. ஹெல்மெட்டை இங்கே இழுக்காதீர்கள். ஒரே கேள்விதான் கேட்கிறேன். சைடு வீல் மாட்டிய பிள்ளைக்கு விழும் பக்கம் திருப்பத் தெரியுமா, தெரியாதா?

பொறுமைசாலி:
என் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. அவ்வளவுதான்.

விசைமானி:
திருப்ப வேண்டியது எதிர்ப்பக்கம் என்று ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

மாலைநடை:
பெடலைக் கழற்றிவிட்டேன். மேல்நோக்கி மாட்டிப் பின்னால் தள்ளியதும் இரண்டும் கழன்றன. அழாமல் ஏறினாள். ஆனால் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போகிறாள். நான் சீட்டைப் பிடிக்கலாமா?

அரைப்பெடல்:
பிடிக்காதீர்கள். நீங்கள் பிடித்தால் வண்டியை நிமிர்த்துவது உங்கள் கை. அவள் கை எப்போது விழும் பக்கம் திருப்பும்?

பொறுமைசாலி:
பிடியுங்கள் தங்கச்சி. நான்கு வயதுக் குழந்தை. சும்மா இவர் பேச்சைக் கேட்டுத் தனியே விடாதீர்கள்.

அரைப்பெடல்:
பிடித்தே ஆக வேண்டும் என்றால் அக்குளுக்கு அடியில் லேசாகப் பிடியுங்கள். சீட்டையோ ஹேண்டிலையோ தொடாதீர்கள். இதைக்கூட யாரும் எழுதவில்லை, நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நட்டுபோல்ட்:
முன்னால் பத்தடி தள்ளி நின்று கூப்பிடுங்கள், தலை தானாக நிமிரும். கழற்றிய பெடல்களைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? திரும்ப மாட்டும்போது இடது வலது மாற்றி முறுக்கிவிடாதீர்கள், பெடல் மாட்டும் கிராங்க் தண்டின் மரையே போய்விடும்.

விசைமானி:
மறுபடியும் மரையா?