கறள் பிடித்த கேஸ் பார்பிக்யூவின் அடிச்சட்டத்துக்குப் பதிலாக மரத்தால் தாங்கி செய்யலாமா?

கேள்வி: ஸ்கார்பரோவிலிருந்து

வணக்கம். எங்கள் வீட்டுப் பின்புற டெக்கில் நிற்கும் மூன்று பர்னர் புரொப்பேன் பார்பிக்யூவின் அடிச்சட்டம் முழுவதும் கறள் பிடித்துவிட்டது. சிலிண்டர் நிற்கும் அடித்தட்டை விரலால் அழுத்தினால் அப்பளம்போல நொறுங்குகிறது. சில்லுப் பக்கத்துக் கால் ஒன்று ஒட்டு விட்டுப்போனதால் முழுப் பாரமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. மேலே உள்ள அடுப்புப் பெட்டி வார்ப்பு அலுமினியம் என்பதால் அதில் ஒரு குறையும் இல்லை, பர்னர்களும் புதியவை. அடிச்சட்டம் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று தயாரித்த நிறுவனத்தைக் கேட்டபோது, அந்த மாதிரியை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். நல்ல நிலையில் உள்ள அடுப்பைக் குப்பைக்கு அனுப்ப மனம் வரவில்லை.

டெக் கட்டியபோது மிஞ்சிய, உக்காமல் மருந்தேற்றிய பிரஷர் ட்ரீட்டட் கட்டைகள் கையில் இருக்கின்றன. நாலுக்கு நாலு கட்டையில் கால்கள், மேலே முக்கால் அங்குல பிளைவுட் தட்டு, அதன்மேல் அடுப்புப் பெட்டி, கீழே சிலிண்டருக்குக் கதவு வைத்த அலுமாரி என்று யோசித்திருக்கிறேன். இது பாதுகாப்பானதா? எந்த மரம் நல்லது? முன் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கேஸ் அடுப்பு பழுதுபார்ப்பவர், மிசிசாகா

மரத்தில் கால் செய்யலாம். ஆனால் நீங்கள் வரைந்திருக்கும் வடிவத்தில் செய்யவேண்டாம். பழைய அடிச்சட்டம் அடுப்பைத் தாங்குவதற்கு மட்டும் இருந்ததல்ல. பெட்டியின் அடியில் ஏன் திறப்புகள் இருக்கின்றன என்று குனிந்து பாருங்கள்: பர்னர்கள் எரியத் தேவையான காற்றில் பெரும்பகுதி அந்த வழியாகத்தான் மேலேறுகிறது, உருகிய கொழுப்பு அந்த வழியாகத்தான் கீழே உள்ள தட்டில் இறங்குகிறது. பிளைவுட்டின்மேல் பெட்டியை உட்காரவைத்தால் காற்று அடைபட்டு நீலச் சுடர் மஞ்சளாகும், கரி படியும், வழியும் கொழுப்பு நேராக மரத்தில் ஊறும். கொழுப்புத் தட்டில் தீப்பிடிப்பது இந்த அடுப்புகளில் அரிதான நிகழ்ச்சி அல்ல. அன்றைக்கு அதன் கீழே இருப்பது எண்ணெய் ஊறிய பிளைவுட் என்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதுமரம் தீப்பற்ற ஏறக்குறைய 250 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும் என்பதை நம்பிப் பலர் துணிந்துவிடுகிறார்கள். ஆனால் கோடைக்குக் கோடை சூடுபட்டு உலர்ந்து கருகிவரும் மரம் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றக்கூடும். முதல் ஆண்டில் ஒன்றும் ஆகவில்லை என்பது ஐந்தாம் ஆண்டுக்கு உத்தரவாதம் ஆகாது.

கேள்வி கேட்டவர்

விளக்கத்துக்கு நன்றி அண்ணா. பிளைவுட்டின்மேல் குளியலறை ஓடுகளுக்கு அடியில் போடும் சீமெந்துப் பலகையை அடித்துவிட்டால் போதாதா? அது எரியாதே?

பதில்: கேஸ் அடுப்பு பழுதுபார்ப்பவர், மிசிசாகா

அது எரியாது என்பது உண்மை, ஆனால் சூட்டைக் கடத்தும். மரத்தோடு ஒட்டி அடித்த சீமெந்துப் பலகை சற்றுத் தாமதமாகச் சூட்டை மரத்துக்குக் கொடுக்கும், அவ்வளவுதான். அதைக் காப்பாகப் பயன்படுத்தவேண்டுமானால் மரத்துக்கும் பலகைக்கும் நடுவே குறைந்தது ஓர் அங்குல இடைவெளி விட்டு, எரியாத உலோகத் துண்டுகளை இடையில் வைத்து, காற்று கீழிருந்து மேலே ஓடும்படி திறந்துவிட வேண்டும். காப்பது பெரும்பாலும் அந்தக் காற்றோட்டம்தான்.

உங்கள் அடுப்புக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. மேல்தட்டே வேண்டாம். நான்கு கால்களையும் பெட்டியின் விளிம்பிலிருந்து நன்றாக வெளியே தள்ளி நிறுத்துங்கள். முன்னும் பின்னுமாக இரண்டு ஆங்கிள் இரும்புகளை (L வடிவ இரும்புப் பட்டிகளை)க் கால்களோடு போல்ட் போட்டு இறுக்கி, பெட்டியை அவற்றின்மேல் உட்காரவைத்துப் பழைய துளைகளிலேயே பூட்டுங்கள். அப்போது பெட்டியைத் தொடுவது இரும்பு மட்டுமே. அடிப்பக்கம் முழுவதும் திறந்திருக்கும். கொழுப்புத் தட்டும் பழையபடி இழுத்து எடுக்கலாம். எரியக்கூடிய பொருள்களிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கவேண்டும் என்று அடுப்பின் கையேட்டில் ஓர் அளவு கொடுத்திருப்பார்கள். கால்கள் எங்கே நிற்கவேண்டும் என்பதை அந்த அளவை வைத்து முடிவு செய்யுங்கள்.

பதில்: காப்புறுதித் துறையில் இருப்பவர், மார்க்கம்

வேலை தொடங்கும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அடுப்பின்மேல் இருக்கும் தர முத்திரை, அதன் சொந்த அடிச்சட்டத்தோடு சேர்த்துச் சோதிக்கப்பட்ட முழுப் பொருளுக்கு வழங்கப்பட்டது. சட்டத்தை மாற்றினால் நிறுவனத்தின் உத்தரவாதம் போய்விடும். தீவிபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனமும் கேள்வி எழுப்பலாம். ஒன்ராறியோவில் எரிவாயுச் சாதனங்களை மேற்பார்வையிடுவது டி.எஸ்.எஸ்.ஏ. என்ற தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பு என்பதால், எரிவாயுக் குழாயிலோ வால்விலோ கைவைக்கும் நிலை வந்தால் உரிமம் பெற்ற தொழில்நுட்பரை அழைப்பதே முறை.

பதில்: தச்சர், பிராம்ப்டன்

தம்பி, மிஞ்சிய கட்டையை விட்டுவிடுங்கள். இப்போதைய பிரஷர் ட்ரீட்டட் மரத்தில் இருப்பது செம்புக் கலவை; 2003 இறுதிவரை வீட்டு வேலைக்கு விற்றது ஆர்சனிக் கலந்தது. எதுவானாலும் சமையல் நெருப்புக்கு அருகே அது கருகிப் புகைவதை நான் விரும்பமாட்டேன். அதோடு ஈரம்பட்ட செம்புக் கலவை சாதாரண ஆணியையும் போல்ட்டையும் அரித்துவிடும். துருவுக்குப் பயந்து மரத்துக்கு வருகிறவர் மறுபடியும் துருவையே விலைக்கு வாங்குவானேன்?

சிடார் இலேசானது, மழைக்கும் பனிக்கும் தாங்கும். வெள்ளை ஓக் இன்னும் உறுதி, விலையும் கூட. நாலுக்கு நாலு என்று கடையில் தருவது உண்மையில் 89 மில்லிமீட்டர்தான், துளை போடும்போது அதைக் கணக்கில் கொள்ளுங்கள். மூட்டுகளுக்கு ஸ்க்ரூவை மட்டும் நம்பாமல், ஸ்டெயின்லெஸ் அல்லது உருக்கிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த போல்ட்டும் வாஷரும் போட்டு இறுக்குங்கள். மரம் பருவத்துக்குப் பருவம் சுருங்கி விரியும், வசந்தம் வந்ததும் ஒருமுறை நட்டுகளை மீண்டும் முறுக்கவேண்டியிருக்கும். மூடியைத் திறக்கும்போது பாரம் பின்பக்கம் போகும், ஆகவே பின்கால்களைச் சற்று அகட்டி வைத்துக் குறுக்குக் கட்டை ஒன்று கொடுங்கள். கால்நுனியின் வெட்டுமுகம்தான் தண்ணீரை உறிஞ்சும். அதில் எண்ணெயோ மெழுகோ பூசி, டெக் பலகையில் நேராகத் தொடாமல் சக்கரத்தின்மேல் நிறுத்துங்கள். சக்கரங்களில் குறைந்தது இரண்டு பூட்டு உள்ளவையாக இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

இரு அண்ணன்மாருக்கும் நன்றி. ஒரு சிக்கல்: பழைய சட்டத்தின் முன்பக்கத்தில்தான் சுடரைக் கூட்டிக் குறைக்கும் திருகிகள் உள்ள பலகம் பூட்டப்பட்டிருக்கிறது. சட்டத்தைக் கழற்றினால் அது தொங்கிவிடுமே? சிலிண்டருக்கு அலுமாரி வைப்பதையும் கைவிடவேண்டுமா?

பதில்: கேஸ் அடுப்பு பழுதுபார்ப்பவர், மிசிசாகா

பலரும் கவனிக்காமல் விடும் இடத்தைச் சரியாகப் பிடித்தீர்கள். ஒவ்வொரு வால்வின் நுனியிலும் ஒரு சிறிய பித்தளை மூக்கு இருக்கும். அது பர்னர் குழாயின் வாய்க்குள் நேராக நுழைந்து நிற்கவேண்டும். பலகம் கொஞ்சம் இறங்கினாலோ முன்னால் வந்தாலோ அந்த மூக்கு வெளியே வந்து, கேஸ் பர்னருக்குள் போகாமல் பலகத்தின் பின்னாலேயே பற்றும். எனவே கழற்றும் முன் படம் எடுத்து, பலகத்துக்கும் பெட்டிக்கும் உள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பழைய சட்டத்தின் முன்பட்டி கறள் பிடிக்காமல் இருந்தால் அதை மட்டும் அறுத்தெடுத்துப் புதிய ஆங்கிளில் பூட்டுவது நல்லது.

கதவு வைத்த அலுமாரி வேண்டாம். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மூடிய அலுமாரியின் அடியில் தேங்கி நிற்கும். சிலிண்டரைத் திறந்த பக்கத்தில், இடைவெளி விட்டு அடித்த சட்டங்களின்மேல் நிறுத்தி, சரியாமல் ஒரு பட்டி கட்டுங்கள். ரப்பர் குழாய் கொழுப்புத் தட்டுக்குக் கீழே போகாமலும் பெட்டியைத் தொடாமலும் வரவேண்டும். கழற்றும்போதே சிலிண்டரின் கழுத்தில் பதித்த தேதியையும் பாருங்கள். கனடாவில் பத்து ஆண்டு கடந்த சிலிண்டரை மறுபரிசோதனை இல்லாமல் நிரப்பமாட்டார்கள்.

மாட்டி முடிந்ததும், திருகிகள் மூடியிருக்க, சிலிண்டரைத் திறந்து, பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் சம அளவில் கலந்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். குமிழி வளர்ந்தால் கசிவு.

கேள்வி கேட்டவர்

சிடாரில் செய்து முடித்துவிட்டேன். சோப்புச் சோதனையில் குமிழி வரவில்லை. மூடியை மூடி முழுச் சூட்டில் அரை மணி நேரம் எரித்தபின் அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்தேன்: ஆங்கிள் பூட்டிய இடத்தருகே மரம் 46 பாகை காட்டியது. மூன்று சுடர்களும் நீலமாகவே இருக்கின்றன.

பதில்: கேஸ் அடுப்பு பழுதுபார்ப்பவர், மிசிசாகா

நல்ல அளவுதான். ஆனால் அது காற்றில்லாத நாளில் எடுத்த அளவாக இருக்கலாம். அடுப்பின் பின்பக்கமாகக் காற்று வீசும்போது சூடு முன்னாலும் கீழுமாகத் திரும்பும். அப்படி ஒரு நாளில் முன்கால்களை மீண்டும் அளந்து பாருங்கள். எப்போதாவது கைவைத்திருக்க முடியாத அளவுக்குச் சுட்டால், அந்தக் காலின் உட்பக்கத்தில் ஓர் அங்குல இடைவெளியோடு ஒரு தகடு பூட்டிவிடுங்கள்.